லிடோவைக் காட்டாத டூரும் நாலாயிரம் ரூபாய் போஸ்டரும்

கேள்வி: ஐரோப்பா பேக்கேஜ் டூர் திட்டத்தில் 'பாரிஸ் லிடோ ஷோ' (இறகு உடை நடனத்துக்குப் பேர்போன அரங்கு) என்று அச்சிட்டிருந்தார்கள். போன பிறகு 'லிடோ இல்லை' என்று படகில் ஏற்றிவிட்டார்கள். பணத்தைக் கேட்டால் 'எல்லாம் ஒன்றுதான் சார்' என்கிறார்கள். (கோவை)

பதில்: ஒன்றே அல்ல. 1946 முதல் பாரிஸின் ஷான்ஸ் எலிசே சாலையில் நடந்த லிடோவை 2021இல் ஆக்கோர் ஓட்டல் குழுமம் வாங்கியது. அடுத்த ஆண்டே இறகு நடனக் குழுவைக் கலைத்துவிட்டு இசை நாடகங்களுக்கு மாறிவிட்டார்கள். உங்கள் டூர்க்காரருக்கு இது தெரியாமல் இருக்காது. திட்டத்தின் அந்தப் பக்கமும் ரசீதும் பத்திரம். முதலில் எழுத்தில் பணம் கேளுங்கள், பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து புகார் கொடுங்கள். அப்போதும் மசியாவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். நீங்கள் கட்டியது 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது. விடாதீர்கள்.

கேள்வி: லாஸ் வேகாஸில் 'ஜூபிலி' நடன ஷோவுக்கு எங்கே டிக்கெட் வாங்கலாம்?

பதில்: எங்கும் முடியாது. 2016 பிப்ரவரியிலேயே மூடிவிட்டார்கள்.

கேள்வி: பாரிஸின் மூலான் ரூஜ் நடன அரங்குக்கு விருந்தோடு டிக்கெட் எடுக்கலாமா? இன்றைக்கும் பார்க்கத் தகுந்ததா? (மதுரை)

பதில்: ஷோ மட்டும் எடுங்கள். விருந்தோடு டிக்கெட் என்றாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வேறொரு ஊரில் அப்படி வாங்கியதில் கிடைத்தது ஆறிப்போன காளானும் தூணுக்குப் பின்னால் ஒரு நாற்காலியும். மூலான் ரூஜ்காரர்களின் கஷ்டமும் புரிகிறது. சுமார் 60 கலைஞர்கள், ஆயிரம் உடைகள், ஒவ்வொன்றிலும் கைவேலை. டிக்கெட் காசில் மட்டும் கட்டுப்படியாகாது. அதனால் சாப்பாட்டிலும் ஷாம்பெய்னிலும் பிடிக்கிறார்கள். அங்கே 'ஃபேரி' என்ற அதே ஷோ 1999 இறுதியிலிருந்து ஓடுகிறது, இசையும் பதிவு செய்ததுதான். பாரிஸ்காரர் அதை எத்தனை தடவை பார்ப்பார்? அரங்கை நிரப்புவது டூர் பஸ்தான். பஸ்ஸில் வருகிறவர் மறுபடி வரப்போவதில்லை என்பதால், தட்டில் என்ன வைத்தாலும் கேட்க ஆளில்லை.

ஆனால் கான்கான் என்ற பாவாடை நடனம் தொடங்கிவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் மறந்துபோகும். நீலம், வெள்ளை, சிவப்புப் பாவாடைகள் அலையாக எழும், பெண்கள் கூவிக்கொண்டே குதித்துக் கால்களை அகல விரித்துத் தரையில் விழுவார்கள். அந்தச் சத்தம் எந்தத் திரையிலும் வராது. மார்பு மூடாத நடனமும் உண்டு, மாமியாரோடு போகிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்கு பாரிஸின் லா ஷப்பேல் பகுதிக்குப் போங்கள். நம் ஈழத்துக் கடைகளில் கொத்துரொட்டி தின்றுவிட்டு மெட்ரோ 2இல் ஏறினால் நான்காவது நிறுத்தம் பிளான்ஷ், அங்கே இறங்குங்கள். வெளியே வந்தால் எதிரே மூலான் ரூஜின் சிவப்புக் காற்றாலை.

கேள்வி: மூலான் ரூஜில் நான்கு வயதுப் பேரனை உள்ளே விடவில்லை. போனில் படமெடுக்கவும் விடவில்லை. இது ஏமாற்று இல்லையா?

பதில்: இல்லை. ஆறு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதி இல்லை, படமெடுக்கவும் தடை. விதிகளைப் படிக்காமல் பணம் கட்டிவிட்டு எனக்கு ஏன் எழுதுகிறீர்கள்?

கேள்வி: பிரெஞ்சு ஓவியர் துலூஸ் லோத்ரெக் 1891இல் வரைந்த மூலான் ரூஜ் போஸ்டர், 'ஒரிஜினல்' என்று நாலாயிரம் ரூபாய்க்கு ஆன்லைனில் வாங்கினேன். நம்பலாமா?

பதில்: அசல் பெரிய ஏலங்களுக்குப் போகிற சரக்கு, நாலாயிரத்துக்கு வராது. ஒரு பூதக்கண்ணாடியை வைத்துப் பாருங்கள். வரிசை வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் அது ஆஃப்செட் இயந்திரத்தில் அச்சடித்த நகல். 'ஒரிஜினல்' என்று சொன்ன விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, போஸ்டரை இன்றைக்கே திருப்பி அனுப்புங்கள்.