சுண்ணாம்புச் சுவருக்குச் சிமென்ட் பூசலாமா?

கேள்வி: தெற்கு மாசி வீதியை ஒட்டிய சந்தில், தாத்தா கட்டிய கட்டைக்குத்து மச்சு (மரக்கட்டைகளின் மேல் செங்கல் அடுக்கிய கூரை) வீட்டில் குடியிருக்கிறோம். ஐப்பசி அடைமழையில் கூடத்துச் சுவரின் அடியில் இரண்டடி உயரத்துக்கு ஓதம் ஏறி, பெயிண்ட் உப்பி உதிர்கிறது. போன வருடம் அந்தக் காரையைக் கொத்திவிட்டுச் சிமென்ட் பூசினோம். இப்போது அதற்கு மேலே உதிர்கிறது. நாங்களே செய்யக்கூடிய பரிகாரம் உண்டா?
— வாசகி, மதுரை

பதில்: "அதற்கு மேலே" என்று நீங்கள் எழுதியிருப்பதிலேயே காரணம் இருக்கிறது. மண்ணிலிருந்து செங்கல் உறிஞ்சிய ஈரம் முன்பு சுண்ணாம்புக் காரை வழியே மெல்ல ஆவியாகிக்கொண்டிருந்தது. சிமென்ட் அந்த வழியைப் பெருமளவு அடைத்துவிட்டதால், ஈரம் சிமென்ட் முடியும் இடம் வரை ஏறி அங்கே வெளியேறுகிறது. உதிர்ந்த இடத்தை விரலால் தேய்த்துப் பாருங்கள். மாவு போல் வெள்ளையாக ஒட்டினால் அது ஈரத்தோடு வந்த உப்பு. அதைத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள், கழுவினால் கரைந்து மீண்டும் சுவருக்குள்ளேயே போய்விடும்.

பூசுவதற்கு முன் தண்ணீர் வரும் வழியை அடைக்க வேண்டும். இதைத் தவறவிட்டால் மற்ற உழைப்பெல்லாம் வீண். மொட்டைமாடிக் குழாய் சுவரோரம் கொட்டுகிறதா, முற்றத்துச் சாக்கடை கசிகிறதா, ரோட்டின் மேல் ரோடு போட்டுத் தெரு உங்கள் வாசலைவிட உயர்ந்துவிட்டதா என்று மழை பெய்யும்போதே நின்று பாருங்கள்.

பிறகு சித்திரை வெயிலுக்குக் காத்திருங்கள். ஈரமான இடத்தில் பிளக் பாயின்ட் இருந்தால் முதலில் மெயினை அணைத்துவிடுங்கள். சிமென்ட்டையும், ஓதம் ஏறிய கோட்டுக்கு மேல் ஓரடி வரை உள்ள பழைய காரையையும் உளியால் கொத்தி எடுத்து, செங்கல் இடுக்குகளை அரை அங்குலம் சுரண்டி, சுவரைச் சில வாரங்கள் திறந்தே விடுங்கள். வீட்டில் செய்பவர்கள் ஏற்கெனவே நீற்றிய, அதாவது தண்ணீரில் போட்டுத் தணித்த, சுண்ணாம்பையே வாங்குவது நல்லது. சுட்ட கல்லை நீற்றும்போது அது கொதித்துத் தெறிக்கும். நீற்றித்தான் ஆக வேண்டுமென்றால் தண்ணீரில் கல்லைச் சிறிது சிறிதாகப் போட வேண்டுமே தவிர, கல்லின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். குழந்தைகள் அருகில் வரக் கூடாது.

சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த உப்பில்லாத மணல் மூன்று பங்கு. செங்கல்லை நனைத்துவிட்டு, அரை அங்குலத்துக்கு மிகாமல் முதல் பூச்சு. அது விரலால் அழுத்தினால் பதியாத அளவு இறுகிய பிறகே அடுத்தது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மெதுவாகத்தான் கெட்டிப்படும் என்பதால், ஒரு வாரம் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து வர வேண்டும். இந்த நிதானத்தைப் பலவீனம் என்று எண்ண வேண்டாம்: உங்களுக்கு அருகிலேயே, 1636இல் எழுந்த திருமலை நாயக்கர் மகாலின் சுதை வேலையும் சுண்ணாம்புதான். மேலே எமல்ஷன் பெயிண்ட் வேண்டாம். வெள்ளையடித்தாலே போதும், சுவர் மூச்சுவிடும்.

கொத்தும்போது செங்கல்லே கையோடு பொடிந்து வந்தால் வேலையை அங்கேயே நிறுத்திவிடுங்கள். மச்சைத் தாங்கும் சுவர் அது. அனுபவமுள்ள கொத்தனார் வந்து பார்க்கும் வரை தொடாதீர்கள்.