அன்னாசிப் பழத்தில் 12 வரிசை வருமா?

"எட்டாவது படிக்கும் மகளின் அறிவியல் கண்காட்சிக்காக அன்னாசிப் பழத்தின் சுருள் வரிசைகளை எண்ணினோம். 8, 13 வர வேண்டுமாம். எங்களுக்கு 8, 12தான் வருகிறது. பழம் தப்பா, நாங்கள் தப்பா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

அநேகமாக ஒரு வரிசை விட்டுப்போயிருக்கும். பழத்தைச் சுற்றிக்கொண்டே எண்ணும்போது தொடங்கிய இடம் மறந்துவிடும், எல்லோருக்கும் நடப்பதுதான். முதல் வரிசையின் கண்களில் கீழிருந்து மேல்வரை குண்டூசி குத்திவிட்டு எண்ணுங்கள். மெல்லச் சாய்ந்து ஏறுபவை 8, எதிர்ப்பக்கம் சற்றுச் செங்குத்தாக ஏறுபவை 13.

சரி, 12 ஏன் வராது? ஒவ்வொரு கண்ணும் ஒரு பூவாக இருந்தது. குருத்து நுனியில் ஆக்சின் என்ற ஹார்மோன் சேரும் இடத்தில்தான் புது மொட்டு அரும்பும். முன்பே அரும்பியவை அக்கம்பக்கத்து ஆக்சினை இழுத்துக்கொள்வதால், அடுத்தது தள்ளிப்போய் இடம் பிடிக்கிறது. அப்படித் தள்ளிப்போகும் கோணம் சுமார் 137.5 பாகை.

இப்போது மகளைப் பெருக்கச் சொல்லுங்கள். 8 × 137.5 = 1100. அதாவது மூன்று முழுச் சுற்று, அப்புறம் 20 பாகை. ஆக, ஒரு கண்ணுக்கு எட்டு கண் தள்ளி வந்தது கிட்டத்தட்ட அதன் தலைக்கு மேலேயே, கொஞ்சம் ஒதுங்கி உட்காரும். 13 என்றால் 1787.5, ஐந்து சுற்றுக்கு 12.5 பாகைதான் குறைவு, அதனால் மறுபக்கம் ஒதுங்கும். இந்த அண்டை வீட்டுக்காரர்களைத்தான் நம் கண் வரிசையாகக் கோக்கிறது: எட்டெட்டாகத் தாண்டிக் கோத்தால் எட்டு வரிசை, பதின்மூன்றாகத் தாண்டினால் பதின்மூன்று. 12 × 137.5 = 1650. ஐந்து சுற்றுக்கு 150 பாகை குறைவு; அந்தக் கண் பழத்தின் முதுகுப்பக்கம் போய்விடுகிறது! இந்த ஒரு பெருக்கலையே அட்டையில் பெரிதாக எழுதி வைக்கலாம். எனக்கு இதைவிட அழகான கணக்கு தெரியாது.

இதற்குச் செடிகூட வேண்டாம். 1992இல் துவாதி, கூடே என்ற இரண்டு பிரெஞ்சு இயற்பியலாளர்கள் ஒன்றையொன்று விலக்கும் காந்தத் திரவத் துளிகளைச் சொட்டவிட்டே இதே சுருள்களை வரவழைத்தார்கள்.

ஆனால் எல்லாச் செடியும் இந்த எண்களுக்குக் கட்டுப்படும் என்று மட்டும் எழுத வேண்டாம். மான்செஸ்டரில் பொதுமக்கள் உதவியோடு 657 சூரியகாந்திப் பூக்களை ஆராய்ந்தபோது, பெரும்பாலானவை ஃபிபோனாச்சி எண்களை (1, 1, 2, 3, 5, 8, 13 என்று, முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது வரும் வரிசை) காட்டின, சில காட்டவில்லை. குண்டூசி குத்தி எண்ணியும் உங்கள் பழத்தில் 12 வந்தால், 12 என்றே எழுதி, பழத்தையும் பக்கத்தில் வையுங்கள். கொண்டைக்கு அருகே கண்கள் நெருங்கிக் குழப்பும்; நடுப்பகுதியில் எண்ணுங்கள்.