கடலில் கயாக் ஓட்டக் கற்க ஆசை. முதலில் என்னென்ன வாங்க வேண்டும்?

ஏரியில் ஒன்றிரண்டு முறை துடுப்புப் போட்டுப் பார்த்திருக்கிறீர்கள், இராமேசுவரம் பக்கம் கடலில் இறங்க ஆசை வந்திருக்கிறது, இணையத்தில் கயாக் என்ற அந்தச் சிறு துடுப்புப் படகின் விலையைத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். கயாக்கை இப்போது வாங்காதீர்கள். உங்கள் உடம்புக்குச் சரியாகப் பொருந்தும் லைஃப் ஜாக்கெட் ஒன்றை வாங்குங்கள். வாடகைக் கயாக்கில், நெஞ்சளவு தண்ணீரில், கவிழ்ந்து திரும்ப ஏறப் பழகுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

எங்கள் இராமேசுவரம் தீவுக்குக் கடல் இரண்டு. வடக்கே பாக் விரிகுடா, அது வடகடல். தெற்கே மன்னார் வளைகுடா, அது தென்கடல். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் ஆனி, ஆடி மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும்; வடகடல் குளம் போலக் கிடக்கும். ஐப்பசிக்குப் பின் வடக்கிலிருந்து அடிக்கும் வாடை திரும்பிவிட்டால் எல்லாம் தலைகீழ். வெளியூர்க்காரர்கள் ஏமாறுவது ஆடி மாத வடகடலில்தான். அங்கே அலை இல்லையே தவிர காற்று இருக்கிறது. அது நிலத்தைத் தாண்டி, உங்கள் முதுகுப் பக்கமிருந்து கடலை நோக்கி அடிக்கிறது. கரையோரம் பனையும் சவுக்கும் மறைப்பதால் உறைப்பதில்லை. சில நூறு மீட்டர் தாண்டியதும் அதே காற்று உங்களைத் தள்ளிக்கொண்டு போகும். போகிற வேகத்தைப் பார்த்து நன்றாக ஓட்டுகிறோம் என்ற நினைப்பு வரும். திரும்பும்போதுதான் கணக்குத் தெரியும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடியில், கோவையிலிருந்து வந்த ஒரு தம்பி சொந்தக் கயாக்கோடு வடகடலில் இறங்கினார். நன்றாக நீந்தத் தெரிந்தவர். ஆனால் அந்தக் கயாக் ஏரிக்கானது. உள்ளே தண்ணீர் பரவாமல் நிறுத்தும் தடுப்புச் சுவர் கிடையாது. அவர் போன வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. பின்னாலேயே போனேன். நான் நெருங்குவதற்குள் கவிழ்ந்துவிட்டார்.

லைஃப் ஜாக்கெட் அவருடைய காதுவரை ஏறியிருந்தது. வாயை மறைத்த அதைக் கீழே இழுத்துப் பிடிப்பதிலேயே இரண்டு கையும் போய்விட்டது. துடுப்பு மிதந்து போய்க்கொண்டிருந்தது. காலிக் கயாக்கைக் காற்று அவரைவிட வேகமாகத் தள்ளியது. என் கயாக்கின் பின்முனையை அவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, விலகிப் போன அவருடைய கயாக்கைத் துரத்திப் பிடித்தேன். அதன் முன்முனையான அணியத்தைத் தூக்கி என் மடிக்கு முன்னால் குறுக்கே போட்டுக் கவிழ்த்தேன். உள்ளே முழுக்கத் தண்ணீர் நின்றதால் பாரத்தில் என் கயாக்கே ஒரு பக்கம் சாய்ந்தது. இயன்றவரை வடித்து, நிமிர்த்தி, பக்கத்தோடு பக்கமாகச் சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் பின்பக்கத்தில் குப்புற ஏறிப் படுத்து, கால்களை உட்காரும் குழிக்குள் விட்டு, என் பக்கமாகவே புரண்டு உட்கார்ந்தார். மீதியைக் கை பம்பால் இறைத்தோம். நான் மேல்தளத்தில் கட்டி வைத்திருந்த உபரித் துடுப்பை அவரிடம் கொடுத்தேன். இருந்தும் 15 மீட்டர் கயிற்றில் கட்டி இழுக்க வேண்டியிருந்தது. கால் மணி நேரத்தில் காற்று கொண்டுபோன தூரத்தைத் திரும்பிக் கடக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

ஆகவே ஜாக்கெட்டைக் கடையிலேயே சோதித்துவிடுங்கள். எல்லா வார்களையும் இறுக்கிக்கொண்டு, கூட வந்தவரைத் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். அது மோவாய்க்கு மேல் ஏறினால் வேண்டாம். விசிலை அதிலேயே கட்டிவிடுங்கள். கைப்பேசியைத் தண்ணீர் புகாத பையில் போட்டு உங்கள் உடம்போடு கட்டுங்கள், கயாக்கோடு அல்ல. கவிழ்ந்தால் கயாக்கை விட்டு நீந்திப் போகவே கூடாது. கரை எவ்வளவு பக்கத்தில் தெரிந்தாலும் சரி. நம் வெதுவெதுப்பான கடலுக்கு, மேலே உட்கார்ந்து ஓட்டும் வகைக் கயாக்கே தொடக்கத்துக்கு நல்லது. அதில் நிரம்புவதற்குக் குழி இல்லை; புரட்டிப் போட்டு ஏறிக்கொள்ளலாம். சுக்கான் வைத்தது என்றால் கரையோரத் தங்கூசி வலைகளை, அதாவது மெல்லிய நைலான் நூல் வலைகளை, கவனியுங்கள். சிக்கினால் பலமாக இழுக்காமல் சுக்கானைத் தூக்கிவிட்டுப் பின்னால் துடுப்புப் போட வேண்டும். வலை கிழிந்தால் ஒரு குடும்பத்தின் அன்றைய பிழைப்பு போயிற்று.

“வள்ளத்தில் போகிறவர்கள் லைஃப் ஜாக்கெட்டா போடுகிறார்கள்?” என்று கேட்க ஆள் வருவார்கள் என்று தெரியும். நானும் அப்படி ஒரு மீனவக் குடும்பத்தில் பிறந்தவன்தான். அவர்களுக்குக் காற்று மாறுவது உடம்பில் தெரியும், கூட ஆள் உண்டு, எஞ்சின் உண்டு. அப்படியும் திரும்பாதவர்களின் படங்கள் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு மாட்டியிருக்கின்றன. நான் எதையும் விற்கவும் இல்லை. எந்தக் கம்பெனியின் ஜாக்கெட்டை வாங்கினாலும் எனக்கு ஒன்றுதான்.

இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குத் தொடர்பில்லாவிட்டாலும். கயாக்கில் ஒருவர் அரை நாள் போய்வந்தால் சாகசம் என்று வீடியோ போடுகிறார்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி முங்கிப் பாறையிலிருந்து கடற்பாசி எடுக்கிறார்கள். காலமெல்லாம் அதுதான் அவர்கள் பிழைப்பு. அவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் தேசியப் பூங்காவுக்குள் அத்துமீறி நுழைந்தவர்கள், பவளப்பாறையைக் கெடுப்பவர்கள் என்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக அந்தக் கடலைத் தெரிந்தவர்களிடம் யாரும் யோசனை கேட்டதில்லை. எனக்கு இது ஆறவே இல்லை.

தென்கடலில் தீவுகள் அழகாகத் தெரிகின்றன என்று ஏறிவிடாதீர்கள். 21 தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. இறங்குவதற்கு முன் அருகிலுள்ள கடலோரக் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டு, ஆதாரைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 1093 கடலோரக் காவல் (போலீஸ்), 1554 கடலோரக் காவல்படை (கோஸ்ட் கார்டு). இரண்டு எண்களையும் கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள். பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை காலை வேளையில் இரு கடலும் பெரும்பாலும் அடங்கியிருக்கும். அந்த நாட்களில் வாருங்கள். விடிந்ததும் இறங்கிப் பத்து மணிக்குள் கரையேறிவிடுங்கள். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீரும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம்.