மூன்றாம் முறைக்கு முன் மதிலைச் சுற்றிப் பாருங்கள்

அம்மா, போன கிழமை கொட்டாஞ்சேனையிலிருந்து மகனையும் கூட்டிக்கொண்டு வெள்ளவத்தைக்கு என்னிடம் ஆலோசனைக்கு வந்தீர்கள். ஒரு மணித்தியாலம் பேசினோம். உயர்தரப் பரீட்சையை மூன்றாம் முறை எழுதப்போகிற அவன் வாயே திறக்கவில்லை. “செவ்வாய் தவறாமல் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போறன், இந்த முறை மெடிசின் கிடைக்கும்” என்றீர்கள். செபத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லமாட்டேன். நீங்கள் பைபிள் வாசிக்கிறவர் என்பதால் பாரசீக அரண்மனையில் வேலை செய்த யூதர் நெகேமியாவை வைத்தே பேசுகிறேன்.

எருசலேமின் மதில் இடிந்து கிடக்கிறது என்று கேட்டதும் அவர் அழுதார், நோன்பிருந்து செபித்தார். அது யூத நாட்காட்டியில் கிஸ்லேவ் மாதம். பாரசீக அரசனிடம் வாய் திறந்தது நிசானில். இடையில் நாலு மாதம். அந்த நாட்களில் சும்மா இருக்கவில்லை என்பது அவர் கேட்ட விதத்திலேயே தெரிகிறது. எவ்வளவு காலம் வேண்டும் என்று அரசன் கேட்டதும் தவணை சொல்கிறார். வழியிலுள்ள ஆளுநர்களுக்குக் கடிதம், கதவுகளுக்கு மரம் தர வனக் காவலர் ஆசாபுக்குத் தனிக் கடிதம். போய்ச் சேர்ந்த பிறகும் உடனே கல் தூக்கவில்லை. மூன்று நாள் தங்கிவிட்டு, இரவில், யாருக்கும் சொல்லாமல், சில பேருடன் மதிலைச் சுற்றிப் பார்க்கிறார். ஓரிடத்தில் ஏறிவந்த மிருகம் நுழையவே வழியில்லை. அதற்குப் பிறகுதான் ஆட்களைக் கூப்பிட்டார். 52 நாளில் மதில் முடிந்ததைத்தான் பிரசங்கங்களில் அதிகம் கேட்கிறோம். எனக்கு அந்த இரவுதான் பெரிது.

உங்கள் வீட்டில் அந்த இரவு இன்னும் வரவில்லை. இரண்டு முறை பெறுபேறு வந்தது, இரண்டு முறையும் ரியூஷன் மாஸ்டரை மாற்றினீர்கள். இரசாயனவியலில் எந்த அலகில் புள்ளி போகிறது, பல்தேர்விலா கட்டுரையிலா என்று ஒருவரும் உட்கார்ந்து பார்க்கவில்லை. பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைதான். அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டக் கோட்டாவுக்கு. கொழும்புப் பிள்ளைக்கு மருத்துவத்தின் இசட் வெட்டுப்புள்ளி, அதாவது அனுமதிக்குத் தேவையான குறைந்தபட்சத் தரப்படுத்திய புள்ளி, கடினம். பயமுறுத்தவில்லை, இடிந்த இடத்தைக் காட்டுகிறேன்.

ஐந்து வருட வினாத்தாளை அவனே நேரம் வைத்துச் செய்து, பிழைகளை அலகு வாரியாகக் குறிக்கட்டும். கூடவே பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலையும் புரட்டுங்கள். அதே பயோ பிரிவில் இயன்மருத்துவம், மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூடம், விவசாயம் எல்லாம் இருக்கின்றன. சித்த மருத்துவம் யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் உண்டு. “சித்தாவா?” என்று முகம் சுளிக்கிறவர்களை வருடா வருடம் பார்க்கிறேன், அது வேறு கதை.

இன்னொன்று, கோபிக்காதீர்கள். காலையிலிருந்து மாலைவரை மோசே தனியாளாக வழக்குத் தீர்த்தபோது, நீரும் களைப்பீர் சனங்களும் களைப்பார்கள் என்று சொன்னவர் மாமனார் எத்திரோ. ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, பத்துப் பேருக்கு என்று பொறுப்பைப் பிரித்துக் கொடுக்கச் சொன்னார். உங்கள் வீட்டில் நேரசூசி போடுவது, மாஸ்டரோடு பேசுவது, விண்ணப்பம் நிரப்புவது எல்லாம் நீங்கள்தான். பத்தொன்பது வயதுப் பையனுக்கு அவனுடைய பத்துப் பேரையாவது கொடுங்கள்.

சனிக்கிழமை பத்து மணிக்கு, திருத்திய வினாத்தாள்களோடு அவனைத் தனியாக அனுப்புங்கள். பஸ்ஸில் வரத் தெரியுமாம். நீங்கள் தண்ணீர் குடிக்கப் போன நேரம் கேட்டுவிட்டேன்.