ஜவ்வு விலகியிருக்கிறது என்றால் ஒப்பரேஷன்தானா?

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, இப்போது கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் மகள் ஒருவர் எழுதியிருக்கிறார்:

"அம்மாவுக்கு 53 வயது. ஈபிஎப் எடுத்த பிறகும் கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கப் போகிறார். இடுப்பு வலி நாலைந்து வருஷமாகவே உண்டு. ஐந்து மாதமாக இடது பிட்டத்திலிருந்து கெண்டைக்கால் தாண்டிப் பாதம் வரைக்கும் கரண்ட் அடித்த மாதிரி இழுக்கிறது. கண்டியில் ஒரு டாக்டரைக் காசு கட்டித் தனியாராகச் சனல் பண்ணிக் காட்டினோம். எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்துவிட்டு, ஜவ்வு விலகி நரம்பை அழுத்துகிறது, ஒப்பரேஷன் செய்வது நல்லது என்றார். அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்கில் மருந்து கொடுத்து, பிசியோதெரபி செய்து, மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்கள். எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) ஓர் அத்தை ஒப்பரேஷன் செய்தும் வலி போகவில்லை. அம்மாவோ 'ஊசியப் போட்டுட்டு வேலைக்குப் போறேன், விடு' என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?"

இரண்டு டாக்டர்களும் தப்பாகச் சொல்லவில்லை. நீங்கள் ஒரு வலியைப் பற்றிக் கேட்கிறீர்கள், ஆனால் அம்மாவுக்கு இருப்பது இரண்டு வலி. நாலைந்து வருஷமாக இடுப்பிலேயே நிற்பது ஒன்று. ஐந்து மாதமாகக் காலில் இறங்குவது இன்னொன்று. ஜவ்வு என்பது முள்ளந்தண்டு எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க். ஜவ்வு ஒப்பரேஷன் என்பது இரண்டாவதுக்கான வைத்தியம். நரம்பை அழுத்தும் துண்டை எடுத்துவிட்டால் காலில் இழுப்பது பெரும்பாலும் குறையும். பழைய இடுப்பு வலி குறையும் என்று எந்த நேர்மையான சத்திரசிகிச்சை நிபுணரும் வாக்குக் கொடுக்க மாட்டார். உங்கள் லயத்து அத்தையின் கதை எனக்குத் தெரியாது. ஆனால் "ஒப்பரேஷன் செய்தும் வலி போகவில்லை" என்று வருபவர்களிடம் "கால் வலியா, இடுப்பு வலியா?" என்று கேட்டால், பலர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கால் பரவாயில்லைங்க, இடுப்புதான்" என்பார்கள்.

ஆகவே முதல் வேலை, அம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பது. இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் எதை எடுக்கச் சொல்வார்? கால் என்றால் ஒப்பரேஷன் பற்றிப் பேசுவதில் அர்த்தம் இருக்கிறது. இடுப்பு என்றால் அந்தப் பேச்சை இப்போதைக்கு ஒதுக்கிவைக்கலாம்.

அடுத்து அந்தப் படம். எம்.ஆர்.ஐ. அறிக்கையில் 'டிஸ்க் பல்ஜ்', அதாவது ஜவ்வு பிதுங்கியிருக்கிறது, என்று கண்டவுடன் வீடே பயந்துவிடுகிறது. ஐம்பது வயதில் வலியே இல்லாதவர்களைப் பிடித்து ஸ்கான் செய்தால்கூட, பத்துப் பேரில் ஆறு பேருக்கு ஜவ்வு பிதுங்கித்தான் இருக்கும். எட்டுப் பேருக்குத் தேய்வு இருக்கும். முடி நரைப்பது போலத்தான். படம் மட்டும் எதையும் முடிவு செய்யாது. படத்தில் அழுத்தும் இடம், காலில் வலி ஓடும் வழி, டாக்டர் தொட்டுச் சோதித்துக் கண்டது, மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். இடுப்பு எலும்புகளுக்கு டாக்டர்கள் எண் வைத்திருக்கிறார்கள். நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில், அதாவது எல்4-எல்5 இடத்தில் பிதுங்கினால் வலியும் மரமரப்பும் பொதுவாகப் பாதத்தின் மேற்பக்கத்துக்கும் பெருவிரலுக்கும் போகும். குதிகாலை ஊன்றி விரல்களைத் தூக்கி நடக்கச் சிரமப்படும். அதற்குக் கீழே எல்5-எஸ்1 என்றால் பாதத்தின் வெளியோரம். நுனிக்காலில் எழும்புவது கஷ்டம். அம்மாவை வீட்டுக்குள்ளேயே இரண்டு விதமாகவும் பத்து அடி நடக்கச் சொல்லிப் பாருங்கள், சுவரைப் பிடித்துக்கொண்டு. கண்டதை எழுதிவைத்து டாக்டரிடம் சொல்லுங்கள். முன்பு முடிந்தது இப்போது முடியவில்லை என்றால், மூன்று மாதக் கிளினிக் திகதிக்குக் காத்திருக்க வேண்டாம், அந்த வாரமே காட்டுங்கள்.

ஒன்றை மட்டும் சத்தமாகச் சொல்லிவிடுகிறேன். சிறுநீர் கழிக்க முடியாமல் போவது, அல்லது தெரியாமல் கசிவது. மலம் அடக்க முடியாமல் போவது. தொடை இடுக்கும் ஆசனவாய்ச் சுற்றும் மரத்துப்போவது. இரண்டு கால்களும் சோர்ந்துபோவது. இதில் ஒன்று வந்தாலும் விடியும்வரை பார்க்கலாம் என்ற கதையே கிடையாது. 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். இதில் ஒவ்வொரு மணித்தியாலமும் முக்கியம். நம் பெண்கள் இதை வெளியில் சொல்ல வெட்கப்படுவார்கள், அதனால் நீங்களே முன்கூட்டிச் சொல்லிவையுங்கள். காய்ச்சல், காரணமில்லாத மெலிவு, படுத்தாலும் குறையாத இரவு வலி, முன்பு புற்றுநோய் அல்லது காசநோய் வந்த வரலாறு இருந்தால் இது வேறு விஷயம், உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

இவை எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஒப்பரேஷன் அவசரமில்லை, விருப்பத் தெரிவு. அவசரம் இல்லாத இடத்தில் யாராவது அவசரப்படுத்தினால் கொஞ்சம் தயங்குங்கள்.

ஜவ்வு 'விலகுவது' என்பது தமிழில் நாம் வைத்த பெயர். உண்மையில் எதுவும் நழுவுவதில்லை. உள்ளே இருக்கும் கூழ் போன்ற பகுதி வெளிச்சுவரைத் தள்ளிக்கொண்டு பிதுங்குகிறது. அதனால்தான் யாரும் அதைப் பிடித்து உள்ளே தள்ளிவிட முடியாது. முறிவு நெரிவு பார்க்கும் வெதமாத்தயா 'ஏற்றிவிடுகிறேன்' என்று காலைப் பிடித்து இழுக்க வந்தால் சம்மதிக்காதீர்கள். எண்ணெய் தேய்ப்பதோ சித்தாலேப பூசுவதோ வேறு; இதமாக இருந்தால் செய்யட்டும். நல்ல செய்தி என்னவென்றால், பிதுங்கிய பகுதியைப் பல பேரில் உடம்பே மாதக்கணக்கில் கரைத்துச் சுருக்கிவிடுகிறது.

2007இல் நெதர்லாந்தில், ஆறு முதல் பன்னிரண்டு வாரம் கால் வலியோடு இருந்த 283 பேரை இரண்டு பிரிவாக்கிப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு உடனே ஒப்பரேஷன், மற்றதுக்கு மருந்தும் பயிற்சியும். ஒப்பரேஷன் செய்தவர்களுக்கு வலி சீக்கிரம் குறைந்தது. ஆனால் ஒரு வருஷம் முடிந்தபோது இரண்டு பிரிவிலும் 95 வீதம் பேர் தேறியிருந்தார்கள். காத்திருந்த பிரிவில் 39 வீதம் பேர் இடையில் ஒப்பரேஷனுக்குப் போனார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. அரசாங்கக் கிளினிக் சொன்ன 'பொறுத்துப் பாருங்கள்' இந்தக் கணக்கில்தான் வருகிறது.

ஆனால் அம்மாவுக்கு ஐந்து மாதம் ஆகிவிட்டது. நாலு முதல் பன்னிரண்டு மாதமாகக் கால் வலி இருந்த 128 பேரைக் கனடாவில் ஒரு மருத்துவமனையில் ஆராய்ந்து 2020இல் முடிவை வெளியிட்டார்கள். பத்துக்கு ஏறத்தாழ எட்டு என்றிருந்த கால் வலி, ஆறு மாதம் கழித்து ஒப்பரேஷன் பிரிவில் 2.8 ஆகவும், மற்றப் பிரிவில் 5.2 ஆகவும் இருந்தது. சின்ன வித்தியாசம் இல்லை. கண்டி டாக்டர் சொன்னதற்கும் ஆதாரம் உண்டு என்பது இதனால்தான். வலி நாட்பட நாட்பட, காத்திருப்பதால் கிடைக்கும் லாபம் குறைகிறது.

என் அபிப்பிராயம் கேட்டால்: ஒழுங்கான ஆறு முதல் எட்டு வாரப் பயிற்சி இன்னும் நடக்கவில்லை என்றால் அதை முதலில் முடியுங்கள். அதற்குப் பிறகும் கால் வலிதான் பெரிய வலி, படமும் பொருந்துகிறது என்றால் ஒப்பரேஷனுக்குப் பயப்பட வேண்டாம். 'ஒழுங்கான' என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ அச்சடித்த ஒரு தாளைக் கையில் கொடுத்துவிட்டு, 'பிசியோ செய்தாச்சு' என்று கொப்பியில் எழுதிய கதைகள் எனக்கு நிறையத் தெரியும். அம்மா ஒவ்வொரு பயிற்சியையும் பிசியோதெரபிஸ்ட் முன்னால் செய்து காட்டியிருக்க வேண்டும். நீங்கள் கூடப் போனால் போனில் வீடியோ எடுத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

ஊசி விஷயத்தில் ஒரு குழப்பம். டிஸ்பென்சரியில் பிட்டத்தில் போடுவது வெறும் வலி மருந்து, ஒரு நாள் தாங்கும், அவ்வளவுதான். முதுகெலும்புக்குள் நரம்பின் பக்கத்தில் போடும் ஸ்டீரொய்ட் ஊசி வேறு. அதை நிபுணர் செய்வார். கால் வலியைச் சில வாரம், சில பேருக்குச் சில மாதம் குறைக்கலாம். அந்த இடைவெளியில் பயிற்சி செய்தால் பிரயோசனம், அந்த இடைவெளியில் கூடையைத் தூக்கினால் வீண். அம்மாவின் திட்டம் இரண்டாவது மாதிரித் தெரிகிறது. சீனி வருத்தம் இருந்தால் ஊசிக்குப் பிறகு சில நாள் சீனி ஏறும், முன்பே சொல்லுங்கள்.

மாத்திரைகள். டைக்ளோபினாக் போன்றவை வலி கடுமையாக இருக்கும் சில நாட்களுக்கு உதவும். காலையில் பிளேன்டீயை மட்டும் குடித்துவிட்டு, மலைக்கு ஏறுமுன் தினமும் ஒன்று விழுங்கும் பழக்கம்தான் ஆபத்து. வயிற்றில் புண் வரும், பிரஷர் ஏறும், சிறுநீரகம் கெடும். லோசார்டன் மாதிரிப் பிரஷர் மாத்திரையும் குடிப்பவர் என்றால் இன்னும் கவனம். பிரீகாபலின் 'நரம்புக்கு' என்று தாராளமாக எழுதப்படுகிறது. 2017இல் ஆஸ்திரேலியாவில் 209 பேரிடம் சோதித்தபோது இப்படி இறங்கும் கால் வலியில் அது மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைவிட மேலாக ஒன்றும் செய்யவில்லை. தலைச்சுற்று மட்டும் வந்தது. சரிவான மலையில் நிற்பவருக்குத் தலைச்சுற்று விளையாட்டல்ல. ஏற்கெனவே குடிக்கிறார் என்றால் திடீரென்று நிறுத்தாமல் டாக்டரிடம் கேட்டுக் குறைக்க வேண்டும். பெயர் இல்லாமல் பொட்டலத்தில் கட்டித் தரும் மாத்திரையையும் தூளையும், இரண்டே நாளில் அற்புதமாகக் கேட்டாலும், தொடாதீர்கள். அற்புதமாகக் கேட்பதுதான் சந்தேகத்துக்குக் காரணம், பல இடங்களில் அதற்குள் ஸ்டீரொய்ட் கலந்திருப்பதைக் கண்டிருக்கிறார்கள். பார்மசியில் வாங்கும் இடுப்புப் பெல்ட்டும் வேண்டாம். நாட்பட்ட இடுப்பு வலிக்கு அதைத் தவிர்க்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2023இல் எழுதியிருக்கிறது.

சரி, ஒப்பரேஷன் முடிவான பிறகு என்ன என்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அன்றோ மறுநாளோ எழுப்பி நடக்க வைத்துவிடுவார்கள். ஆனால் பல வாரங்களுக்குப் பாரம் தூக்கவோ வளைந்து நிற்கவோ கூடாது. லயத்தில் அது என்ன அர்த்தம்? பீலியிலிருந்து தண்ணீர் யார் தூக்குவது, விறகு யார் கொண்டுவருவது, குந்தி உட்காரும் கக்கூஸுக்கு என்ன செய்வது? கொமோட் நாற்காலி ஒன்று இரவல் கிடைக்குமா என்று முன்பே பாருங்கள். கொழும்பில் உங்களுக்கு லீவு எவ்வளவு கிடைக்கும்? ஒப்பரேஷன் திகதியை நிபுணர் மட்டும் அல்ல, இந்தக் கேள்விகளும் சேர்ந்துதான் தீர்மானிக்கும். நூற்றுக்கு ஐந்து முதல் பதினைந்து பேருக்கு அதே இடத்தில் மறுபடி பிதுங்கலாம் என்பதையும் தெரிந்துவைத்திருங்கள்.

பணம். அரசாங்க ஆஸ்பத்திரியில் இது இலவசம், காத்திருக்க வேண்டும் என்பதுதான். கண்டி தேசிய வைத்தியசாலையில் நரம்பியல் சத்திரசிகிச்சைப் பிரிவு இருக்கிறது. உங்கள் கிளினிக்கிலிருந்து கடிதம் வாங்கிப் போகலாம். வாதநோயையும் புனர்வாழ்வையும் சேர்த்துப் பார்க்கும் நிபுணர்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவரிடம் அனுப்பும்படியும் கேட்கலாம். சனல் பண்ணிய டாக்டர் சொன்னார் என்பதற்காக ஈபிஎப் பணத்தை எடுத்துத் தனியார் ஆஸ்பத்திரியில் கட்டிவிடாதீர்கள். அவசர அறிகுறி இல்லாதவரை அந்தப் பணம் வங்கியிலேயே இருக்கட்டும்.

ஒப்பரேஷன் செய்தாலும் செய்யாவிட்டாலும் பழைய இடுப்பு வலி மிஞ்சும், அதோடு வாழும் வழியைச் சொல்லாமல் விட முடியாது. மூன்று மாதம் தாண்டிய வலியில், அடிபட்ட இடத்தைவிட நரம்பு மண்டலமே அதிகம் உசாராகிவிடுகிறது. லயத்து நாய் ஒரு தரம் திருடனைப் பார்த்துவிட்டால் அப்புறம் போஸ்ட்மேனைக் கண்டாலும் குரைக்கிறதே, அது மாதிரி. வலிக்கிறது என்பதற்காக உள்ளே ஏதோ உடைகிறது என்று அர்த்தமில்லை. நடப்பதால் முள்ளந்தண்டு கெட்டுப்போகாது, படுத்தே கிடப்பதால்தான் தசை கரையும்.

நம் பெண்களிடம் நான் காணும் பெரிய தப்பு வேறு. வலி குறைந்த நாளில் ஒரு பேருக்கான, அதாவது ஒரு நாள் சம்பளத்துக்கான, கிலோவையும் தாண்டிப் பறித்து, வந்த கையோடு விறகும் வெட்டி, அடுத்த மூன்று நாள் படுத்துவிடுவார்கள். அம்மா நிறுத்த வேண்டியது வலி வந்த பிறகு அல்ல, வருவதற்கு முன். இரண்டு நிரை முடிந்ததும், வலி இல்லாவிட்டாலும், கூடையை இறக்கி ஐந்து நிமிஷம் நிமிர்ந்து நிற்கட்டும். முதல் வாரம் அது போதும், அடுத்த வாரம் மூன்று நிரை. நனைந்த கொழுந்து கனக்கும், மழை நாளில் பாதிக் கூடையோடு நிறுவைக்குக் கொண்டுவந்து கொட்டட்டும். கைக்காசு என்பதால் கங்காணியிடம் இதைப் பேசுவது செக்ரோலில் பெயர் பதிந்த நிரந்தர ஆட்களைவிட உங்களுக்குச் சுலபம். தூக்கம் கெட்டாலோ, எதிலும் மனசு ஒட்டவில்லை என்றாலோ அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். வலியும் அதுவும் ஒன்றையொன்று வளர்க்கும்.

அடுத்த கிளினிக்குக்கு நீங்களோ, சிங்களம் சரளமாகப் பேசும் வேறு யாரோ கூடப் போகவேண்டும். கேட்க வேண்டியது மூன்றே விஷயம்: படமும் கால் வலியும் பொருந்துகிறதா? ஒப்பரேஷன் செய்யாவிட்டால் ஆறு மாதத்தில் என்ன ஆகும்? செய்தால் எந்த வலி குறையும், எது குறையாது? பதிலை அங்கேயே அம்மாவுக்குத் தமிழில் சொல்லுங்கள், வீட்டுக்கு வந்து சொல்லலாம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். முடிவு அம்மாவுடையது. எம்.ஆர்.ஐ. அறிக்கைத் தாள் மட்டும் போதாது, படத்தையும் கொண்டுபோங்கள், பொலித்தீன் உறைக்குள் வைத்து. மழையில் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போன படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து நானே எத்தனையோ தரம் ஒன்றும் தெரியாமல் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.