நுண்ணோக்கியைக் கண்டுபிடித்தவர் என்று யார் பெயரைப் போடுவது?

கேள்வி: பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக நுண்ணோக்கியின் வரலாறு பற்றி ஒரு பலகை தயாரிக்கிறோம். ஒரு புத்தகத்தில் ஜான்சன் என்று இருக்கிறது, இன்னொன்றில் லேவன்ஹூக். மாணவர்களோ ராபர்ட் ஹூக் என்கிறார்கள். எந்தப் பெயரைப் போடலாம்? – ஓர் ஆசிரியை

பதில்: ‘கண்டுபிடித்தவர்’ என்ற தலைப்பையே எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் கீழே அவர் செய்தது என்ன, எந்த ஆண்டில் என்று எழுதினால் போதும். பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

ஜக்காரியாஸ் ஜான்சன் நெதர்லாந்தின் மிடில்பர்க் நகரில் மூக்குக்கண்ணாடி செய்தவர். (கள்ள நாணயம் அடித்து மாட்டிக்கொண்டவரும்கூட.) அவர் பெயரோடு வரும் 1590 என்ற ஆண்டு, அவருடைய மகன் 1655-ல் கொடுத்த வாக்குமூலத்தில் இருந்து வந்தது. 1590-ல் ஜான்சனே சின்னப் பையன். ஆகவே ‘கண்டுபிடித்ததாக அவர் மகன் சொன்னார்’ என்று போடலாம், அதற்கு மேல் வேண்டாம். 1620-களின் தொடக்கத்தில் கார்னெலிஸ் டிரெபெல் என்ற டச்சுக்காரர் கூட்டு நுண்ணோக்கி (ஒன்றுக்கு மேற்பட்ட லென்ஸ் உள்ளது) வைத்திருந்ததற்கு அந்தக் காலத்துச் சான்றுகளே உண்டு. பெரும்பாலான பலகைகளில் விடுபட்டுப்போகும் பெயர் இவருடையதுதான். 1624-ல் கலிலியோ தான் செய்த கருவி ஒன்றை நண்பருக்கு அனுப்பினார். அடுத்த ஆண்டு ஜோவன்னி ஃபாபர் என்ற மருத்துவர் அதற்கு ‘மைக்ரோஸ்கோப்’ என்று பெயர் வைத்தார்.

அடுத்து, இரண்டு ஹூக்குகள். தமிழில் எழுதும்போது இரு பெயரும் ஒரே மாதிரி முடிவதால் பிள்ளைகள் குழம்புவது இயல்புதான். முழுப்பெயரோடு எழுதுங்கள். ராபர்ட் ஹூக் இங்கிலாந்துக்காரர். 1665-ல் வெளியான ‘மைக்ரோகிராஃபியா’ நூலில் தக்கைச் சீவலில் கண்ட சிறு அறைகளுக்கு ‘செல்’ என்று பெயரிட்டார். அவர் பார்த்தது உயிருள்ள செல் அல்ல, செத்த செல்லின் சுவர்கள். ஆன்டனி வான் லேவன்ஹூக் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி. அவர் கருவியில் ஒரே ஒரு லென்ஸ்தான், அதையும் அவரே செய்துகொண்டார். இன்று மிஞ்சியிருப்பவற்றில் ஒன்று சுமார் 270 மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது. மிளகு ஏன் காரமாக இருக்கிறது என்று அறிய அதைத் தண்ணீரில் ஊறப்போட்டவர், அந்த நீரில் நெளியும் நுண்ணுயிர்களைக் கண்டார். 1676 அக்டோபரில் லண்டனில் உள்ள ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்துக்கு அதை எழுதியபோது அங்கே பலர் நம்பவில்லை. மறு ஆண்டு நவம்பரில் உறுப்பினர்கள் முன்னால் அதைச் செய்துகாட்டி உறுதிப்படுத்தியவர் யார் தெரியுமா? ராபர்ட் ஹூக்! இந்தச் சம்பவத்துக்குப் பலகையில் தாராளமாக இடம் கொடுங்கள். பார்த்தவருக்கும் சரிபார்த்தவருக்கும் சேர்த்தே பெயர் போய்ச் சேரும்.

படங்களிலும் கவனம் தேவை. லேவன்ஹூக்கை நேரில் பார்த்து வெர்கோலியே என்ற ஓவியர் வரைந்த ஓவியம் இருக்கிறது, தைரியமாகப் போடலாம். ராபர்ட் ஹூக்கின் முகம் என்று உறுதியாகச் சொல்ல ஒரு படமும் மிஞ்சவில்லை. அவருடையது என்று சில காலம் பரவிய ஒன்று, பின்னர் வான் ஹெல்மோன்ட் என்ற வேறொரு அறிஞரின் படம் என்று தெரியவந்தது. முகத்துக்குப் பதிலாக அவர் நூலில் உள்ள அந்தப் பெரிய தெள்ளுப்பூச்சிப் படத்தை ஒட்டிவிடுங்கள். பிள்ளைகளும் அதைத்தான் நின்று பார்ப்பார்கள்.