ஐபியா, ஏ லெவலா? பாடத்தேர்வுப் படிவத்தில் கையெழுத்திடும் முன்பு

கேள்வி: என் மகள் கோயம்புத்தூரில், கேம்பிரிட்ஜ் வாரியத்தின் ஐஜிசிஎஸ்இ பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். பதினோராம் வகுப்புக்கு அதே பள்ளியில் ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலரேட்) டிப்ளமோ, கேம்பிரிட்ஜ் ஏ லெவல் என்ற இரண்டு சர்வதேசப் பாடத்திட்டங்களும் இருக்கின்றன. மருத்துவமா, பொறியியலா என்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. வெளிநாட்டில் படிக்கும் ஆசையும் இருக்கிறது. இவற்றைப் படித்தால் தமிழ்நாட்டில் எந்தக் கல்லூரியிலும் இடம் கிடைக்காது என்று உறவினர்கள் சொல்கிறார்கள். இப்போதே சிபிஎஸ்இக்கு மாற்றிவிடலாமா?

பதில்: உறவினர்கள் சொல்வது சரியல்ல. ஐபி டிப்ளமோவையும், உரிய பாடங்களோடு முடித்த ஏ லெவலையும் இந்தியப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஐஐடிகளில் சேர எழுதும் ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வின் தகுதிப் பட்டியலில் இவ்விரண்டின் பெயரும் வெளிப்படையாகவே இடம்பெறுகின்றன. இந்தியாவில் ஐபி ஒன்றும் நேற்று வந்ததல்ல. கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல் 1976லேயே அதைத் தொடங்கிவிட்டது. ஆகவே அங்கீகாரத்தைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். கவலைப்பட வேண்டியவை இரண்டு: உங்கள் மகள் எந்தப் பாடங்களை எந்த நிலையில் எடுக்கிறாள் என்பதும், அவளுடைய தேர்வு முடிவு எந்த மாதத்தில் கைக்கு வருகிறது என்பதும்.

முதலில் பாடங்கள். ஐபி டிப்ளமோவில் ஆறு பாடங்கள் உண்டு. அவற்றில் பொதுவாக மூன்றை உயர்நிலையிலும் மூன்றை சாதாரண நிலையிலும் படிக்க வேண்டும். உயர்நிலைப் பாடத்துக்கு 240 மணி நேரமும் சாதாரண நிலைக்கு 150 மணி நேரமும் வகுப்பு நடத்த வேண்டும் என்பது விதி. இந்த ஒன்றிலேயே இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் புரியும். ஒவ்வொரு பாடத்துக்கும் 7 புள்ளிகள் வீதம் 42. 4,000 சொற்களுக்குள் எழுதும் ஆய்வுக் கட்டுரைக்கும் அறிவுக் கோட்பாடு என்ற பாடத்துக்கும் சேர்த்து 3. ஆக மொத்தம் 45. டிப்ளமோ பெறக் குறைந்தது 24 புள்ளிகள் வேண்டும், அதோடு வேறு சில நிபந்தனைகளும் உண்டு.

மருத்துவம், பொறியியல் இரண்டு கதவுகளையும் திறந்து வைக்க நினைப்பவர்களுக்குச் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. தாய்மொழி அல்லது முதன்மை மொழி, இரண்டாம் மொழி, சமூகவியல் துறைகள், அறிவியல், கணிதம் ஆகிய ஐந்து தொகுதிகளிலிருந்து ஒவ்வொரு பாடத்தைக் கட்டாயம் எடுக்க வேண்டும்; ஆறாவது பாடமாகக் கலைத் தொகுதியிலிருந்து ஒன்றையோ, அதற்குப் பதிலாக இன்னோர் அறிவியல் பாடத்தையோ எடுக்கலாம். ஆக, வழக்கமான டிப்ளமோவில் இரண்டு அறிவியல் பாடங்களுக்கே இடம். நீட்டுக்கோ இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் ஆங்கிலமும் தேவை; பொறியியலுக்குக் கணிதம் தேவை. இவை எல்லாவற்றையும் சேர்த்துப் படிக்க வேண்டுமானால், சமூகவியல் தொகுதியைக் கைவிட்டு மூன்றாவது அறிவியல் பாடத்தை எடுக்கப் பள்ளி வழியாக ஐபி அமைப்பிடம் தனி அனுமதி பெற வேண்டும். பல்கலைக்கழகச் சேர்க்கைக்குத் தேவை என்று காட்டினால் இந்த அனுமதி கிடைக்கக்கூடியதே. ஆனால் அதைப் பதினோராம் வகுப்பின் தொடக்கத்திலேயே கேட்க வேண்டும்.

கணிதத்தைத் தனியே கவனியுங்கள். ஐபியில் கணிதம் இரண்டு வகைப்படும்: பகுப்பாய்வும் அணுகுமுறைகளும் என்பது ஒன்று, பயன்பாடுகளும் விளக்கமும் என்பது மற்றொன்று. பள்ளிகளில் இவற்றை ஏஏ, ஏஐ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தந்தை தம் மகனின் பாடத்தேர்வுப் படிவத்தை என் மேசைமேல் விரித்து வைத்தார். இயற்பியல் உயர்நிலை, வேதியியல் உயர்நிலை என்று எல்லாம் ஒழுங்காக இருந்தன. கணிதத்துக்கு எதிரே மட்டும் ஏஐ, சாதாரண நிலை என்று எழுதியிருந்தது. "மதிப்பெண் எளிதாக வரும் என்று பள்ளியில் சொன்னார்கள்" என்றார். பையனுக்கு இயந்திரப் பொறியியல் படிக்க ஆசை. அப்போது வகுப்புகள் தொடங்கி ஏழு மாதம் ஆகியிருந்தது. கணிதப் பாடத்தை மாற்றி, விடுபட்டவற்றை விடுமுறையில் உட்கார்ந்து படிக்க அந்தப் பிள்ளை பட்ட பாடு எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. பொறியியல் என்ற எண்ணம் சிறிதளவு இருந்தாலும் ஏஏ கணிதத்தையே எடுக்கச் சொல்லுங்கள், முடிந்தால் உயர்நிலையில்.

ஏ லெவலில் இந்தத் தொகுதிக் கட்டுப்பாடு இல்லை. இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் நான்கையும் யாரிடமும் அனுமதி கேட்காமல் எடுக்கலாம். உங்கள் மகளின் நிலையில் இது பெரிய வசதி. ஆனால் இதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களுக்கு மூன்று ஏ லெவல் பாடங்கள் போதும் என்பதால், மூன்றோடு நிறுத்திக்கொள்ளும் பழக்கம் நம் பள்ளிகளிலும் பரவியிருக்கிறது. ஐஐடி சேர்க்கையிலோ இயற்பியல், வேதியியல், கணிதம், ஒரு மொழி, வேறொரு பாடம் என ஐந்து பாடங்களின் மதிப்பெண்ணைப் பார்க்கிறார்கள். நீட்டுக்கும் ஆங்கிலம் வேண்டும். எனவே நான்கு ஏ லெவல் பாடங்களோடு ஆங்கிலத்தை ஏஎஸ் நிலையிலாவது (ஏ லெவலின் முதல் பாதி) எழுத வைப்பது கட்டாயம் என்றே கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பில் எழுதிய ஆங்கிலம் இதற்கு ஈடாகாது.

அடுத்தது நாள்காட்டி. பெற்றோர்கள் பெரும்பாலும் கடைசி நேரத்தில்தான் இதைக் கவனிக்கிறார்கள். ஐபியின் மே பருவத் தேர்வுகள் ஏப்ரல் இறுதியில் தொடங்கி மே மூன்றாம் வாரம் வரை நீள்கின்றன. நீட் பெரும்பாலும் மே மாத முதல் ஞாயிறு. வெள்ளிக்கிழமை வேதியியல் உயர்நிலைத் தாளை எழுதிவிட்டு, ஞாயிறன்று நீட் எழுதி, திங்கட்கிழமை மறுபடி ஐபி தேர்வுக்குப் போகும் நிலை வரலாம். அதோடு ஐபி முடிவுகள் ஜூலை முதல் வாரத்தில்தான் வெளியாகும். தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வுக்கான பதிவோ அண்மை ஆண்டுகளில் மே மாதம் தொடங்கி ஜூனில் முடிந்திருக்கிறது. 2025இல் தரவரிசைப் பட்டியலே ஜூன் இறுதிக்குள் வந்துவிட்டது. முடிவு வரும் முன்பு, இவ்வளவு வரும் என்று கணித்துப் பள்ளி தரும் எதிர்பார்ப்பு மதிப்பெண்ணை வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் சில தனியார் பல்கலைக்கழகங்களும் ஏற்கும்; அரசுக் கலந்தாய்வுக்கு அதை நம்பி உட்காரக் கூடாது.

கேம்பிரிட்ஜின் ஜூன் பருவம் இதைவிடத் தாமதம். முடிவு வர ஆகஸ்ட் ஆகிவிடும். ஆனால் இந்தியப் பள்ளிகளுக்கென்றே கேம்பிரிட்ஜ் ஒரு மார்ச் பருவத்தை நடத்துகிறது. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தேர்வு, மே மாதத்தில் முடிவு. தேர்வு முடிந்து நீட்டுக்கு முன்பு ஒரு மாதத்துக்கும் மேல் அவகாசம் கிடைக்கும். பொறியியல் பதிவு முடியும் முன்பே மதிப்பெண்ணும் கையில் இருக்கும். எல்லாப் பாடங்களும் எல்லாப் பள்ளிகளிலும் இந்தப் பருவத்தில் கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் மகள் எடுக்கவிருக்கும் ஒவ்வொரு பாடத்தையும் மார்ச்சில் எழுத வைப்பீர்களா என்று பள்ளியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கட்-ஆஃப் பற்றி ஒரு சொல். பொறியியல் கலந்தாய்வில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200க்குக் கணக்கிடுகிறார்கள்; வேறு வாரிய மாணவர்களின் மதிப்பெண்ணை இதற்கேற்ப மாற்றிக்கொள்வார்கள். கேம்பிரிட்ஜ் சான்றிதழில் எழுத்துத் தரம் மட்டுமே இருக்கும். முடிவுத்தாளில்தான் சதவீத மதிப்பெண் வரும். ஏ என்றால் 80 முதல் 89 வரை, ஏ-ஸ்டார் என்றால் 90க்கு மேல். ஒரு தசமப் புள்ளியில் நூற்றுக்கணக்கானோர் நிற்கும் தரவரிசையில் 80க்கும் 89க்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது. ஆகவே முடிவுத்தாளைச் சான்றிதழுக்கு இணையாகப் பாதுகாத்து வையுங்கள். பன்னிரண்டாம் வகுப்புக்கு இணை என்று காட்டும் இணைத்தன்மைச் சான்றிதழுக்கும் முடிவு வந்த அன்றே விண்ணப்பித்துவிடுங்கள்.

நீட்டைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். நீட் கேட்பது, சிபிஎஸ்இ பள்ளிகளில் படிக்கும் என்சிஇஆர்டி பாடநூலின் வரிகளை. மூன்று மணி நேரத்தில் 180 கேள்விகள், அவற்றில் பாதி உயிரியல். ஐபியும் ஏ லெவலும் பிள்ளையைச் சோதனையை வடிவமைக்கவும், தரவைப் படிக்கவும், காரணத்தை விளக்கி எழுதவும் பழக்குகின்றன. நான் இந்தக் கல்வியை மனமார மதிக்கிறேன். நல்ல மருத்துவருக்கு வேண்டிய பழக்கங்கள் இவை என்றே நம்புகிறேன். ஆனால் நீட் மதிப்பெண் இவற்றால் வராது. ஐபி மாணவி ஆய்வுக் கட்டுரை, செய்முறை அறிக்கைகள், சமூகப் பணி ஆகியவற்றோடு நீட் பயிற்சியையும் சுமக்க வேண்டியிருக்கும். அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றே குறிக்கோள் என்று முடிவாகிவிட்டால், சிபிஎஸ்இக்கோ மாநிலப் பாடத்திட்டத்துக்கோ மாறுவதுதான் பிள்ளைக்கு நல்லது. அதில் எந்தக் குறைவும் இல்லை.

வெளிநாட்டுக்கு ஐபி இல்லாமல் போக முடியாது என்பதும் தவறு. இங்கிலாந்தின் பல பல்கலைக்கழகங்கள் சிபிஎஸ்இ மதிப்பெண்ணை ஏற்கின்றன. ஜெர்மனி போன்ற நாட்டுக்கு மட்டும் ஐபி ஒரு நேர்வழியைத் தருகிறது. அங்கும் கணிதம் எந்த வகை, எந்த நிலை என்று பார்ப்பார்கள்.

மகள் இன்னும் முடிவு செய்யவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் என் பரிந்துரை, மார்ச் பருவத்தில் எழுதும் ஏ லெவல்: இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம், ஏஎஸ் நிலையில் ஆங்கிலம். எழுதுவதிலும் இலக்கியத்திலும் வரலாற்றிலும் அவளுக்கு ஈடுபாடு இருந்து, இந்திய நுழைவுத் தேர்வுகள் இரண்டாம்பட்சம் என்றால் ஐபி அவளுக்குப் பொருந்தும். அதில் பள்ளியின் துணையோடு தமிழ் இலக்கியத்தையே முதன்மை மொழிப் பாடமாகத் தானே படிக்கவும் வழியுண்டு. பலருக்கு இது தெரிவதில்லை. சிபிஎஸ்இக்கு மாற்றுவதென்றால், பத்தாம் வகுப்புத் தேர்வை அவள் மார்ச் பருவத்தில் எழுதுகிறாளா என்பதை இந்த வாரமே உறுதி செய்யுங்கள். ஜூன் பருவத்தில் எழுதினால் முடிவு ஆகஸ்ட்டில் வரும்போது பதினோராம் வகுப்பில் முதல் பருவப் பாடங்களில் பெரும்பகுதி நடந்து முடிந்திருக்கும். எந்த வழியில் போனாலும் ஆங்கிலத்தையும் உள்ளிட்ட ஐந்து பாடங்களிலாவது சி தரத்துக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்புக்கான இணைத்தன்மையைப் பார்க்கும்போது முதலில் எடுத்துப் பார்க்கும் தாள் அதுதான்.